மம்பிள்: வாய்க்குள்ளேயே நின்றுவிடும் பேச்சுக்கு ஒரு சொல் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலம் பேசப் பழகுகிறவர்கள், சப்டைட்டில் எழுதுகிறவர்கள், சொற்களின் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் என்று பலரும் 'மம்பிள்' என்ற சொல்லைப் பற்றி மாற்றி மாற்றிக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பார்க்கச் சின்னச் சொல்தான், ஆனால் 700 ஆண்டு வரலாறு உள்ள சொல்.

மம்பிள் என்றால் சரியாக என்ன அர்த்தம்?

வாயைச் சரியாகத் திறக்காமல், உதட்டை அசைத்தும் அசைக்காமலும், கேட்பவருக்குச் சொற்கள் பிரிந்து விழாதபடி பேசுவது. குரல் சன்னமாக இருந்தால் அது மம்பிள் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், அது சரியில்லை. மெல்லிய குரலில் பேசினாலும் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக வந்தால் அவர் மம்பிள் செய்யவில்லை. அடுத்த அறைவரை கேட்கிற குரலில் பேசியும் என்ன சொன்னார் என்றே பிடிபடவில்லை என்றால், அதுதான் மம்பிள். இந்தச் சொல்லின் கவனம் முழுக்க வாயின் மேல்தான், சத்தத்தின் மேல் இல்லை. அதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது, கீழே வருகிறது.

எப்படி உச்சரிப்பது?

மம்-பிள். நடுவில் வரும் 'பி' அதிர்ந்து ஒலிக்க வேண்டும். தமிழர்களுக்கு இது சிரமமே இல்லை, ஏனென்றால் அம்பு, கம்பு, பாம்பு என்று சொல்லும்போது ம்-க்குப் பிறகு வரும் ப நம் வாயில் தானாகவே அப்படித்தான் அதிர்கிறது. கடைசியில் எழுத்தாக நிற்கும் 'ஈ'க்கு ஒலி கிடையாது. கடந்த காலத்துக்கு 'மம்பிள்ட்', அப்படிப் பேசுகிறவரைச் சொல்ல 'மம்ப்ளர்'.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இடைக்கால ஆங்கிலத்தில், 'மொமெலென்' என்ற வடிவில் முதலில் தென்படுகிறது. அப்போது அதற்குப் பேச்சு சம்பந்தப்பட்ட பொருளே இல்லை. பல் இல்லாதவர்கள் ரொட்டியை ஈறால் மென்று மென்று சாப்பிடுகிறார்களே, அந்தச் செயலுக்குத்தான் அந்தப் பெயர். பேச்சுக்கு அது வந்தது அதே நூற்றாண்டின் நடுப்பகுதியில்.

அடியில் இருப்பது 'மம்' என்ற ஒலி. வாயை மூடிக்கொண்டு குரலை மட்டும் விட்டால் என்ன வருமோ அதுதான். அதன் பின்னால் ஒட்டியிருக்கும் 'ல்' ஒலிக்கும் ஒரு வேலை உண்டு: ஒரு செயல் திரும்பத் திரும்ப நடக்கிறது என்று காட்டும் பழைய ஆங்கில விகுதி அது. ஸ்பார்க் என்றால் பொறி, ஸ்பார்க்கிள் என்றால் விடாமல் மின்னுவது. கிராக் என்றால் ஒரு முறை வெடிப்பது, கிராக்கிள் என்றால் படபடவென்று வெடித்துக்கொண்டே இருப்பது. அப்படிப் பார்த்தால் மம்பிள் என்பது 'மம்… மம்… மம்…' என்று சொல்லிக்கொண்டே இருப்பது. தமிழ் இதே வேலையை விகுதி இல்லாமல், சொல்லையே இரட்டித்துச் செய்துவிடுகிறது: முணுமுணு, கிசுகிசு, தொணதொண. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று தொல்காப்பியம் சொல்கிறது, உண்மைதான், வெறும் 'முணு' என்று யாரும் சொல்வதில்லை.

சுற்றியுள்ள மொழிகளிலும் கிட்டத்தட்ட இதே சொல் இருக்கிறது. ஜெர்மனில் 'மும்மெல்ன்', டச்சில் 'மொம்பெலென்', ஸ்வீடிஷில் 'மும்லா'. ஒன்றிடமிருந்து ஒன்று கடன் வாங்கியதா, எல்லாமே வாயின் ஒலியைப் பார்த்துப் பிறந்ததா என்று கறாராகப் பிரிப்பது கஷ்டம், இரண்டும் கலந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

சாப்பிடுவதற்கும் பேசுவதற்கும் ஒரே சொல் எப்படி வந்தது?

எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்த பகுதி இது. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசும் ஆளை நினைத்துப் பாருங்கள், அல்லது பல் போன பெரியவர் எதையோ மென்றுகொண்டே ஏதோ சொல்வதை. மெல்லுவது எங்கே முடிகிறது, பேச்சு எங்கே தொடங்குகிறது என்று பிரிக்கவே முடியாது. தமிழில் நாமும் அப்படியே சொல்கிறோம். உண்மையைச் சொல்லத் தயங்கி இழுக்கிறவனை 'மென்று விழுங்குகிறான்' என்கிறோம், தெளிவில்லாமல் பதில் சொல்லும் பிள்ளையைப் பார்த்து 'வாயில் என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்க?' என்று கேட்கிறோம். ஆங்கிலேயர் 700 ஆண்டுக்கு முன் கவனித்ததும் அதே வாயைத்தான்.

மெல்லும் பொருள் ஆங்கிலத்தில் வெகுநாள் உயிரோடு இருந்தது. கத்தியைத் தரையில் குத்தி நிற்க வைக்கும் ஒரு பழைய சிறுவர் விளையாட்டுக்கு 'மம்பிள்டி-பெக்' என்று பெயர். தோற்றவன் தரையில் அடித்திருக்கும் முளையைப் பல்லால் கடித்துப் பிடுங்க வேண்டும், 'முளையை மம்பிள் செய்' என்பதே அந்தப் பெயரின் மூலம். கொடூரமான இன்னோர் உதாரணமும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சிஸ் குரோஸ் என்பவர் ஆங்கிலக் கொச்சைச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தார். அதில் 'மம்பிளிங் எ ஸ்பாரோ' என்று ஒரு திருவிழா விளையாட்டு வருகிறது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்ட ஆள், தொப்பிக்குள் விடப்பட்ட சிறகு நறுக்கிய சிட்டுக்குருவியின் தலையை வாயால் கடிக்க முயல வேண்டும், பெரும்பாலும் குருவி கொத்துகிற கொத்தில் ஆள் விட்டுவிட்டு ஓடுவானாம். படிக்கவே மனசு கஷ்டப்படுகிறது. ஆனால் மம்பிள் என்ற சொல் வாயைப் பற்றியது, காதைப் பற்றியது இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

'மொமெலென்' என்பதில் இல்லாத 'பி' நடுவில் எப்படி நுழைந்தது?

நாக்கும் உதடும் செய்த வேலை. ம் சொல்லும்போது உதடு மூடியிருக்கும், காற்று மூக்கு வழியாகப் போகும். அடுத்து ல் சொல்ல உதடு திறக்க வேண்டும், மூக்கு வழி அடைபட வேண்டும். இரண்டும் ஒரே நொடியில் நடக்காமல் மூக்கு வழி கொஞ்சம் முன்னாடி அடைபட்டுவிட்டால், உதடு திறக்கும்போது நடுவில் ஒரு 'ப்' தெறித்து வந்துவிடும். 'மம்ல்' என்று வேகமாகப் பத்துத் தடவை சொல்லிப் பாருங்கள், தெரியும். ஆங்கிலத்தில் இப்படி நுழைந்த பி நிறைய. தையல்காரர் விரலில் போடும் 'திம்பிள்' பழைய ஆங்கிலத்தில் 'தைமெல்' ஆக இருந்தது. லத்தீன் 'ஹுமிலிஸ்' பிரெஞ்சு வழியாக 'ஹம்பிள்' ஆனது, 'நுமெருஸ்' 'நம்பர்' ஆனது, 'கமெரா' 'சேம்பர்' ஆனது. எல்லாவற்றிலும் அதே பி, அதே காரணம்.

'மம்ஸ் த வேர்ட்' என்கிறார்களே, அந்த 'மம்' இதுதானா?

இதேதான். 'வெளியே மூச்சு விடாதே' என்று பொருள். மூடிய வாயிலிருந்து வரும் 'ம்ம்' என்ற ஒலிதான் மௌனத்துக்கே பெயராகிவிட்டது. ஷேக்ஸ்பியரின் ஆறாம் ஹென்றி இரண்டாம் பாகத்தில், உதட்டுக்கு முத்திரை வை, 'மம்' தவிர வேறு சொல் வேண்டாம் என்று ஒரு பாத்திரம் பேசும்.

அதற்கும் இரண்டு நூற்றாண்டு முன்னால், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளவ்மன்' என்ற நீண்ட கவிதையில் இந்தச் சொல் வக்கீல்கள் மேல் பாய்கிறது. மால்வர்ன் மலைமேல் இருக்கும் பனிமூட்டத்தை அளந்தாலும் அளந்துவிடலாம், பணத்தைக் கண்ணில் காட்டாமல் இவர்கள் வாயிலிருந்து ஒரு 'மம்' வாங்க முடியாது என்கிறார். சாதாரண மனிதனுக்கு நீதி கிடைக்கவில்லையே என்ற கோபத்தை இத்தனை சின்ன ஒலிக்குள் அடக்கிய அந்த வரி, இன்று படித்தாலும் சுடுகிறது.

ஷேக்ஸ்பியர் 'மம்பிள்' என்பதையும் விடவில்லை. ரோமியோ ஜூலியட்டில் ஜூலியட்டின் அப்பா, வயதான தாதியைப் பார்த்து 'மம்பிள் பண்ணும் முட்டாளே, வாயை மூடு' என்று கத்துகிறார். லியர் அரசனில் ஒருவன் தீய மந்திரங்களை மம்பிள் செய்ததாக எட்மண்ட் கோள் சொல்கிறான். முதியவர்களின் வாய், மந்திரவாதியின் வாய் என்று இந்தச் சொல் அந்தக் காலத்தில் யார் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தது என்று இதிலேயே தெரிகிறது.

மம்மி, மம்ப்ஸ், மம்போ ஜம்போ, இதெல்லாம் சொந்தமா?

மம்ப்ஸ் சொந்தம். நம் ஊரில் பொன்னுக்கு வீங்கி என்கிறோமே, அந்த நோய். 'மம்ப்' என்றால் முகத்தைக் கோணுவது, வாய்க்குள் முனகுவது. தாடை வீங்கி வாயைத் திறக்க முடியாமல் தவிக்கும் முகத்தைப் பார்த்து 1600 வாக்கில் வைத்த பெயர்.

அம்மாவைக் கூப்பிடும் மம்மி வேறு, அது குழந்தை வாயில் பிறந்த 'மா' ஒலி. எகிப்து மம்மி இன்னும் வேறு, மெழுகைக் குறிக்கும் பாரசீகச் சொல்லில் தொடங்கி அரபி 'மூமியா' வழியாக வந்தது. மம்போ ஜம்போவுக்கும் சம்பந்தமில்லை. அது மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா ஆற்றுப் பகுதியில், மாண்டிங்கா மக்களின் ஊர்களில் முகமூடி அணிந்து வரும் ஓர் உருவத்தின் பெயராக 1738இல் பிரான்சிஸ் மூர் என்ற ஆங்கிலேயர் எழுதிய பயணநூலில் வருகிறது. ஒரு மக்களின் வழக்கத்தை அறைகுறையாகப் பார்த்துவிட்டு, 'புரியாத பிதற்றல்' என்ற பொருளை அதன் தலையில் ஏற்றியது பின்னால் வந்த ஆங்கிலம். அந்தச் சொல்லைப் பயன்படுத்தும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

மம்பிள், மட்டர், மர்மர் மூன்றுக்கும் என்ன வித்தியாசம்?

மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் சறுக்கும் இடம். மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு 'முணுமுணுத்தான்' என்று போட்டுவிடுகிறார்கள்.

மம்பிள் வாயின் குறை. கூச்சமோ, தூக்கமோ, அலட்சியமோ, வாயில் சோறோ, எதனால் வேண்டுமானாலும் வரலாம், பேசுகிறவருக்கே அது தெரியாமலும் இருக்கலாம். மட்டர் என்பதில் மனசு இருக்கிறது. மேலதிகாரி திட்டிவிட்டுப் போன பிறகு, அவர் காதில் விழக் கூடாது, ஆனால் சொல்லாமலும் இருக்க முடியாது என்று அடிக்குரலில் ஒருவர் சொல்வது மட்டர். பெரும்பாலும் ஒரு மனக்குறையோ எரிச்சலோ அதில் ஒட்டியிருக்கும். மர்மர் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, மென்மையான, தொடர்ச்சியான, தாழ்ந்த ஒலி. காதலர்கள் மர்மர் செய்யலாம், ஓடை மர்மர் செய்யலாம், மாலையில் கூட்டமாகச் சுழலும் ஸ்டார்லிங் பறவைகளின் திரளுக்கு 'மர்மரேஷன்' என்றே பெயர். டாக்டர் ஸ்டெதஸ்கோப்பில் கேட்டுவிட்டு 'ஹார்ட் மர்மர்' என்று எழுதுவதும் இதுவே, குழந்தைகளிடம் கேட்கும் மர்மர்களில் பல கெடுதல் இல்லாதவை.

விஸ்பர் இவற்றோடு சேராது. அதில் குரல்நாண் அதிர்வதே இல்லை, வெறும் காற்று. ஆனால் சொற்கள் படு தெளிவாக இருக்கலாம்.

அப்படியென்றால் தமிழில் எந்தச் சொல்லைப் போடுவது?

இடத்தைப் பொறுத்தது. மட்டருக்கு 'முணுமுணுத்தான்' கச்சிதம், ஏனென்றால் நம் முணுமுணுப்பிலும் ஒரு குறை சொல்லும் தொனி இருக்கிறது. மம்பிளுக்கு 'வாய்க்குள்ளேயே சொன்னான்', 'வாய்க்குள் முனகினான்', தயக்கம் கலந்திருந்தால் 'மென்று விழுங்கினான்'. குடித்தவர் பேச்சுக்கும் பக்கவாதம் வந்தவர் பேச்சுக்கும் 'வாய் குழறியது' என்பதே சரி, அதற்கு ஆங்கிலத்தில் 'ஸ்லர்' என்று தனிச் சொல் இருக்கிறது. 'உளறினான்' என்று மம்பிளை மொழிபெயர்க்கவே கூடாது. உளறலில் குறை பொருளில், மம்பிளில் குறை ஒலியில்.

தமிழ் பைபிளில் ஓர் அருமையான இடம் உண்டு. யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில், வனாந்தரத்தில் சாப்பாடு இல்லாமல் இஸ்ரவேலர் மோசேக்கு எதிராகக் குறை சொல்லும் இடத்தில், பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு 'மர்மர்' என்கிறது, தமிழ் 'முறுமுறுத்து' என்கிறது. பொருளும் கிட்டத்தட்ட ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று! ஒன்றிலிருந்து ஒன்று வரவில்லை, இரண்டு மொழியும் தனித்தனியாக ஒரே சத்தத்தைக் காதில் வாங்கியிருக்கின்றன. வடமொழியில் காய்ந்த இலைகளின் சலசலப்புக்கு 'மர்மர' என்ற சொல் இருப்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சினிமாவில், பாட்டில் மம்பிள் என்று கேள்விப்படுகிறேனே?

2005இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் திரைவிழாவை ஒட்டி, எரிக் மசுனாகா என்ற ஒலித் தொகுப்பாளர் 'மம்பிள்கோர்' என்ற பெயரை உருவாக்கினார். குறைந்த செலவில், பெரும்பாலும் தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்களை வைத்து, நிஜத்தில் பேசுவது மாதிரித் தயங்கித் தயங்கிப் பேசும் படங்களுக்கு அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஒலித் தொகுப்பாளர் வைத்த பெயர் என்பது பொருத்தம்தான், மம்பிளால் முதலில் பாடுபடுகிறவர் அவர்தானே. 2010களின் நடுவில் வந்த 'மம்பிள் ராப்' பாராட்டாக வைத்த பெயர் இல்லை, சொற்கள் புரியவில்லை என்று குறை சொன்னவர்கள் வைத்தது.

காட்ஃபாதர் படத்துக்கு மார்லன் பிராண்டோ செய்ததையும் இங்கே சொல்ல வேண்டும். சோதனைப் படப்பிடிப்பில் கன்னத்துக்குள் பஞ்சை அடக்கிக்கொண்டு பேசினார், படத்துக்காகப் பல் மருத்துவர் ஒருவர் வாய்க்குள் பொருத்தும் சாதனம் செய்து கொடுத்தார். வாயில் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது என்ற ஆதிப் பொருளுக்கே அவர் திரும்பிப் போய்விட்டார்.

எல்லா மம்பிளும் ரசிக்கப்படுவதில்லை. 2014இல் பிபிசி ஒளிபரப்பிய 'ஜமைக்கா இன்' தொடரில் வசனமே புரியவில்லை என்று 2,000க்கும் அதிகமான புகார்கள் குவிந்தன. காது மந்தமானவர்களுக்கு இது வெறும் ரசனைப் பிரச்சினை இல்லை, கதையே கையை விட்டுப் போகிறது. அவர்கள் பக்கம்தான் நான்.

வேல்ஸில் 'மம்பிள்ஸ்' என்று ஓர் ஊர் இருக்கிறதாமே?

ஸ்வான்சீ பக்கத்தில் இருக்கிறது, ஆனால் பேச்சுக்கும் அதற்கும் தொடர்பில்லை. கடலில் நிற்கும் இரண்டு சிறு தீவுகளின் வடிவத்தைப் பார்த்து, மார்பகம் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்பது பரவலான விளக்கம். 1807இல் கட்டணம் வாங்கிப் பயணிகளை ஏற்றிய உலகின் முதல் ரயில் சேவை இந்த ஊர்ப்பக்கம் ஓடியதுதான். இழுத்தது குதிரை.

மலையேறுகிறவர்கள் 'அம்பிள்ஸைக் கவனி' என்கிறார்களே, அது என்ன?

ஆங்கிலத்தில் 'அம்பிள்' என்று முடியும் சொற்களில் ஒரு தடுமாற்றம் பொதுவாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஸ்டம்பிள், கால் தடுக்குவது. ஃபம்பிள், கை தடுமாறுவது. மம்பிள், வாய் தடுமாறுவது. கிரம்பிள், எரிந்து விழுந்து முனகுவது. கடும் குளிரில் உடம்பின் வெப்பம் இறங்கத் தொடங்கும்போது இந்த நான்கும் வரும் என்று மலை முதலுதவி வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். பனிமலையில் உங்களோடு நடக்கிறவர் திடீரென்று வாய்க்குள்ளேயே பேச ஆரம்பித்தால், ஜிப்பைப் போடத் தெரியாமல் திணறினால், 'சோர்வாக இருக்கிறார்' என்று விட்டுவிடாதீர்கள். ஈரத் துணியை மாற்றி, காற்றுப் படாத இடத்துக்குக் கொண்டுபோய் உடம்பைச் சூடாக்க வேண்டிய நேரம் அது.

மம்பிள் செய்வது நோயா? சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் பழக்கம்தான், நோய் இல்லை. ஆனால் சில நேரம் நோயின் அறிகுறி. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்குக் குரல் சிறுத்து, சொற்கள் மங்கி வருவது மிகச் சாதாரணம். அவர்களுக்குத் தங்கள் குரல் போதுமான சத்தத்தில் இருப்பதாகவே தோன்றும், வீட்டில் இருப்பவர்கள்தான் 'என்ன, என்ன' என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். இதற்காக 1980களில் அமெரிக்காவில் உருவான லீ சில்வர்மன் குரல் சிகிச்சையில் வாரம் 4 நாள் என 4 வாரம், மொத்தம் 16 அமர்வுகள், உரக்கப் பேசுவதையே பயிற்சியாகத் தருகிறார்கள். திடீரென்று ஒருவருக்கு வாய் குழறினால், முகம் ஒரு பக்கம் கோணினால், கை தூக்க வரவில்லை என்றால் அது பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

பழக்கமாக இருந்தால் வழி எளிது. 'சத்தமா பேசு' என்று சொல்வதால் பலன் குறைவு, மம்பிள் அதே மம்பிளாகக் கொஞ்சம் பெரிய சத்தத்தில் வரும். தாடையை நன்றாகத் திறப்பது, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல் முடிப்பது, வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு விடுவது, இந்த மூன்றையும் கண்ணாடி முன்னால் உரக்க வாசித்துப் பழகினால் மாற்றம் தெரியும். கூச்சத்தால் வாய்க்குள் பேசும் பிள்ளைகளை நாலு பேர் முன்னால் திருத்தாதீர்கள், வாய் இன்னும் இறுகிப்போகும்.

ஆங்கிலத்தில் ஒருவரிடம் 'யு ஆர் மம்பிளிங்' என்று சொல்லலாமா?

நெருங்கிய நண்பரிடம் சொல்லலாம். 'டோன்ட் மம்பிள்' என்பது பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளைகளை அதட்டும் தொனி, அலுவலகத்திலோ நேர்காணலிலோ சொன்னால் முகத்தில் அடித்த மாதிரி இருக்கும். 'ஸாரி, ஐ டிட்ன்ட் கேட்ச் தட்' என்று சொல்லுங்கள். அதில் குறை கேட்டவர் பக்கம் வந்துவிடுகிறது, சொன்னவர் சங்கடமில்லாமல் இன்னொரு முறை சொல்வார். ஃபோனில் என்றால் லைன் சரியில்லை என்று சொல்லியும் கேட்கலாம், உண்மையிலேயே லைன் சரியில்லாதபோது.